அரசுப் பள்ளிக்கு வரும் பணம்: ஊராட்சி, நகராட்சி, பள்ளி மேலாண்மைக் குழு எப்படிக் கையாள்வது

ஒழுகும் கூரை, பூட்டிய கழிப்பறை, தண்ணீர் வராத குழாய். ஓர் அரசுப் பள்ளியில் இவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால் பெரும்பாலோர் சொல்லும் காரணம் “பணம் இல்லை” என்பதுதான். பாதி நேரம் அது உண்மை. மீதிப் பாதியில் பணம் எங்கோ ஒரு கணக்கில் இருக்கிறது. எந்தக் கணக்கில், யாரிடம், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்பது பள்ளிக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஓர் உரிமையாளர், ஒரு நோக்கம், ஒரு கெடு உண்டு. இந்த மூன்றையும் பிரித்தறியத் தலைமையாசிரியருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும், வார்டு உறுப்பினருக்கும் உதவும்படி தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதலில், கட்டடம் யாருடையது?

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது பள்ளிக் கல்வித் துறை. கட்டடத்துக்குப் பொறுப்பு ஊராட்சி ஒன்றியம். ஆகவே வகுப்பறைச் சுவரில் விரிசல் விட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மட்டும் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. கடிதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். கல்வி அலுவலருக்கு நகல் போதும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் வழி வேறு. அங்கே தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கு எழுதுவார், வேலையைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பார்ப்பார். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு ஆணையரே பொறுப்பு.

நகர எல்லை விரியும் ஊர்களில் கூடுதல் கவனம் தேவை. சுற்றுக் கிராமங்கள் நகராட்சியோடு இணைந்துவிடும், ஆனால் அங்கிருந்த ஒன்றியப் பள்ளியின் சொத்து ஆவணங்கள் பழைய பெயரிலேயே கிடக்கும். சென்னை மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது பல பள்ளிகளுக்கு இந்த நிலை நீண்ட காலம் நீடித்தது. உங்கள் பள்ளியும் இப்படி இடையில் சிக்கியிருந்தால், பணம் கேட்பதற்கு முன் நிலத்தின் பட்டா, புல வரைபடம், சொத்துப் பதிவேட்டில் அந்தக் கட்டடத்தின் பதிவு ஆகிய மூன்றின் நகலையும் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். கட்டடப் பணிக்கான எந்தத் திட்டத்திலும் பொறியாளர் முதலில் கேட்பது “இடம் யார் பெயரில்?” என்பதைத்தான். அங்கே பதில் தடுமாறினால், அந்த ஆண்டின் பணம் அடுத்த பள்ளிக்குப் போய்விடும்.

பள்ளியின் கைக்கு நேரே வரும் பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி மானியம்தான் ஒரு பள்ளி தானே முடிவெடுத்துச் செலவு செய்யக்கூடிய முதன்மையான தொகை. திட்டச் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்கின்றன. மானியத்தின் உச்ச அளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1,00,000. இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கே செலவாக வேண்டும்.

இதைத் தவிர நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி மானியம் உண்டு. விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை. நூலகத்துக்குப் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 வரை. நூலகப் பணத்தில் விளையாட்டுப் பொருளோ, விளையாட்டுப் பணத்தில் நாற்காலியோ வாங்கக் கூடாது. தணிக்கையில் முதலில் மாட்டுவது இதுதான்.

எண்ணிக்கைப் படிநிலையைக் கவனியுங்கள். 100 மாணவர் உள்ள பள்ளிக்கு 25,000. 101 பேர் இருந்தால் 50,000. ஒரே ஒரு குழந்தையின் பதிவு விடுபட்டால் பள்ளி 25,000 ரூபாயை இழக்கக்கூடும். பள்ளிகளின் தேசியத் தகவல் தொகுப்பான யு-டைஸ் தரவுதான் இதற்கு அடிப்படை. அதற்கான கணக்குத் தேதி செப்டம்பர் 30. எனவே செப்டம்பர் கடைசி வாரத்தில் வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) பட்டியல் மூன்றையும் வகுப்பு வாரியாக எதிரெதிரே வைத்துச் சரிபாருங்கள். தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வேறு பள்ளியிலிருந்து வந்த குழந்தையை அந்தப் பள்ளி எமிஸில் இன்னும் விடுவித்திருக்காது. அல்லது ஆண்டின் நடுவில் சேர்ந்த குழந்தை காகிதப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் எண்ணமே வேண்டாம். அது குற்றம் என்பதோடு, அடுத்த ஆண்டு ஆசிரியர் பணியிட நிர்ணயத்தின்போது எல்லாமே வெளிப்பட்டுவிடும்.

மேலே சொன்னவை உச்ச அளவுகள். ஒவ்வோர் ஆண்டும் முழுத் தொகையும் சரியான நேரத்தில் வரும் என்று நம்பித் திட்டமிட முடியாது. 2024-25-இல், தேர்ந்தெடுத்த பள்ளிகளை மேம்படுத்தும் பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததைக் காட்டி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான அந்தச் சண்டையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பினாயில் செலவும் மாட்டிக்கொண்டது நியாயமில்லை. ஆனாலும் செலவுப் பட்டியலை வரிசைப்படுத்தி வைத்திருந்த பள்ளிகளால் கிடைத்த தொகையில் முக்கியமானவற்றையாவது செய்துகொள்ள முடியும்.

25,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது

64 குழந்தைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மானியம் 25,000. தூய்மைக்கு விதிப்படி 2,500 போதும். ஆனால் அந்தத் தொகை நடைமுறையில் போதாது, 5,000 ஒதுக்குங்கள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள், துடைப்பம், பினாயில், பிளீச்சிங் பவுடர், கை கழுவும் சோப்பு எல்லாம் இதில் அடங்கும். குடிநீர்த் தொட்டி, குழாய்களுக்கு 3,000. மின்விசிறி, சுவிட்ச், விளக்குப் பழுதுக்கு 4,000. சாக்பீஸ், பதிவேடுகள், தாள், அச்சுச் செலவு 4,500. கற்பித்தல் கருவிகள் 3,500. ஓடு மாற்றுதல், சன்னல் கொக்கி, தரைப் பெயர்ச்சி போன்ற சிறு பழுதுகளுக்கு 3,500. முதலுதவிப் பெட்டிக்கு 1,000. மீதி 500 எதிர்பாராத செலவுக்கு.

பணம் தவணையாக வந்தால் எதை முதலில் செய்வது என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானித்துவிடுங்கள். பாதித் தொகையான 12,500 மட்டும் வந்திருக்கிறது என்றால்: தூய்மை 2,500, குடிநீர் 3,000, மின் பழுது 4,000, சாக்பீஸும் பதிவேடும் 2,500. கையில் 500 நிற்கும். கற்பித்தல் கருவிகளும் சிறு பழுதும் இரண்டாம் தவணைக்கு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் தவணையில் சுவருக்கு வண்ணம் அடித்துவிடுகிறார்கள். டிசம்பரில் குழாய் உடைந்தால் காசில்லை. அழகான சுவரைவிட, தண்ணீர் வரும் கழிப்பறைதான் வளரும் பெண் குழந்தைகளைப் பள்ளியில் தக்கவைக்கும்.

இந்த மானியத்தில் செய்யக்கூடாதவையும் உண்டு: விழாச் செலவு, பரிசு, சிற்றுண்டி, பயணப்படி. பள்ளித் தூய்மைப் பணியாளருக்கான ஊதியம் ஊரகப் பகுதியில் ஊராட்சி ஒன்றியம் வழியாக வருவது. அது தாமதமாகிறது என்பதற்காக மானியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால், பின்னர் ஒன்றியத் தொகையும் வந்து சேரும்போது ஒரே வேலைக்கு இரண்டு செலவு என்று கணக்கு நிற்கும். தாமதத்தை எழுத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தெரிவிப்பதே சரியான வழி. அந்தப் பணியாளரின் கூலி மாதங்கள் தள்ளிப்போவது பெரிய அநீதி. கடிதத்தின் நகல் பள்ளியில் இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் அதை வைத்துக் கேட்க முடியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவு குழுவை அமைக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் கோருகிறது. திட்டம் மூன்று ஆண்டுகளுக்கானது. அதற்குள் ஆண்டுவாரியாக மூன்று உட்திட்டங்கள். வகுப்பு வாரியாக எதிர்பார்க்கும் மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் ஆசிரியர், கட்டடம், பொருள், அவற்றுக்கான தொகை என எல்லாம் அதில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பர் இறுதிக்குள், தயாராக இருந்தால்தான் உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் கோரிக்கை ஏறும்.

தீர்மானம் எழுதும்போது “பள்ளிக்குத் தேவையான பொருட்கள் வாங்க முடிவு செய்யப்பட்டது” என்று பொதுவாக எழுதாதீர்கள். அது எந்தச் செலவையும் காப்பாற்றாது. “கழிப்பறைக் கதவு 2, பி.வி.சி., நிறுவும் கூலியுடன் 4,800 ரூபாய்க்கு மிகாமல், பள்ளி மானியம் தூய்மைத் தலைப்பில்” என்று பொருள், எண்ணிக்கை, உச்சத் தொகை, தலைப்பு நான்கும் இருக்கட்டும். தேதியும் வரிசை எண்ணும் கட்டாயம். கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும் கையெழுத்திட வேண்டும். வராதவர் வீட்டுக்குப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பின்னால் பிரச்சினை என்று வந்தால் “நான் அன்று ஊரிலேயே இல்லை” என்று அந்த ஒருவர் சொன்னாலே தீர்மானம் முழுக்க ஆட்டம் கண்டுவிடும்.

தலைவராக இருப்பவர் பெரும்பாலும் ஒரு தாய். வயல் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவராக இருக்கலாம். “இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா” என்று காகிதத்தை நீட்டுவது நிர்வாகம் ஆகாது. வவுச்சரை அவர் முன் வைத்து, தொகையை வாய்விட்டுப் படித்து, பொருளைக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டால், கிராம சபையில் பள்ளிக்காக எழுந்து பேசப்போகிறவரும் அவர்தான்.

பணம் செலுத்தும் முறையும் அது தடைபடும் இடங்களும்

2021 ஜூலை முதல் ஒன்றிய அரசு பங்களிக்கும் திட்டங்களுக்கு மாநில அளவில் ஒரே தலைமைக் கணக்கு என்ற முறை வந்தது. பள்ளியின் கணக்கு அதனோடு இணைந்த பூஜ்ய இருப்புக் கணக்கு. ஆகவே பாஸ்புக்கில் பணம் தெரியாது; செலவு செய்யும் வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். பள்ளிகளில் இதை “லிமிட் வந்திருக்கிறது” என்பார்கள். அந்த வரம்புக்குள், பி.எஃப்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசின் நிதி மேலாண்மை இணையதளத்தில் ஒரு பயனர் விவரங்களை உள்ளிட, மற்றொரு பயனர் ஒப்புதல் தர, அச்சிடப்படும் பணம் செலுத்தும் ஆணையில் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். பணம் கடைக்காரர் கணக்குக்கு நேரே போகும்.

தடைபடுவது பெரும்பாலும் விற்பனையாளர் பதிவில். கடையின் பெயர்ப் பலகையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் உரிமையாளரின் பெயர் என்று இருந்தால், வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே பதியுங்கள். கேட்டு எழுதிக்கொள்ளாமல் பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலை வாங்குங்கள். 2020 ஏப்ரலில் வங்கிகள் இணைந்தபோது ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும் சேர்ந்து கிளைக் குறியீடுகள் மாறின. பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் கடைக்காரர் இன்னும் இருக்கிறார். ஆணையை வங்கியில் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காமல், மூன்று நாள் கழித்துத் தளத்தில் நிலையைப் பாருங்கள். தோல்வியடைந்த பரிமாற்றம் வரம்புக்குத் திரும்பிவிடும். நீங்களோ பணப் பதிவேட்டில் செலவு என்று எழுதியிருப்பீர்கள். கடைக்காரர் வந்து கேட்கும் வரை யாருக்கும் தெரியாது.

செலவாகாத வரம்பு மார்ச் 31-ஓடு போய்விடும். மார்ச் கடைசி வாரத்தில் தளம் திணறும், வங்கியில் வரிசை நிற்கும். மார்ச் 10-ஆம் தேதியையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்த வேலைக்கு ஒருவருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டில் மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு மேலோ கொடுத்தால் வருமான வரி பிடித்தம் உண்டு. தனிநபருக்கு 1 விழுக்காடு, நிறுவனத்துக்கு 2. சிறு பள்ளிக்கு இது அரிதாகவே வரும். பெரிய மேல்நிலைப் பள்ளிகளுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவேடுகள்

பணப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு, இருப்புப் பதிவேடு இரண்டு, வவுச்சர் கோப்பு. இவ்வளவு போதும். இருப்புப் பதிவேட்டை நுகர்பொருளுக்கு ஒன்று, நிலையான பொருளுக்கு ஒன்று என்று பிரிப்பது ஏன் என்றால், சாக்பீஸ் தீர்ந்துவிடும், நாற்காலி தீராது. இரண்டும் ஒரே பதிவேட்டில் இருந்தால் ஐந்து ஆண்டு கழித்து “இந்த நாற்காலி எங்கே?” என்று கேட்கும்போது பக்கம் புரட்டியே சோர்ந்துபோவீர்கள். நிலையான பொருளில் திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பெயின்டால் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு பில்லின் முகப்பிலும் மூன்று வரி எழுதும் பழக்கம் பெரும்பாலான தணிக்கைத் தடைகளை வராமலே தடுத்துவிடும்: தீர்மான எண், தேதி; இருப்புப் பதிவேட்டுப் பக்கம், வரிசை எண்; பணம் செலுத்திய ஆணை எண். கூலிக்கு ரசீது வாங்கும்போது 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்து. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வவுச்சரோடு இணையுங்கள். விலைப்புள்ளி மூன்று வாங்கும்போது அவை உண்மையிலேயே மூன்று கடைகளிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். ஒரே கையெழுத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு மூன்று விலைப்புள்ளிகள் இருப்பதைத் தணிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

மாதக் கடைசியில் பணப் பதிவேட்டின் இருப்பையும் தளத்தில் காட்டும் மீதி வரம்பையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் காரணத்தை அதே பக்கத்தில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒன்று என்றால் கால் மணி நேர வேலை. ஏப்ரலில் பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துச் செய்தால் ஒரு வாரம் போய்விடும். மானியம் செலவானதை உறுதி செய்து கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழில் செலவான தொகையை மட்டும் காட்டுங்கள். கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்துப் பொருள் வரவில்லை என்றால் அது செலவு ஆகாது.

உள்ளாட்சியின் பணம்: எதை, எங்கே கேட்பது

அரசமைப்பின் 11-ஆவது அட்டவணையில் 17-ஆவது இனம் தொடக்க, இடைநிலைக் கல்வி. பள்ளி ஊராட்சிக்கு அந்நியமானதல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளுக்கான 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று கட்டுப்பட்டது. பள்ளிக் கழிப்பறையும் குடிநீரும் இந்தத் தலைப்பில் பொருந்தும் வேலைகள். கோரிக்கை எழுதும்போது “பள்ளி மேம்பாடு” என்று எழுதாமல் “பள்ளியில் குடிநீர் வசதி”, “பள்ளியில் கழிப்பறை” என்று அந்தத் தலைப்பின் சொல்லிலேயே எழுதுங்கள். இப்படி எழுதுவதில் ஏமாற்று எதுவும் இல்லை. கோப்பைக் கையாளும் எழுத்தர் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தடுமாறாமல் இருக்க இது உதவும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை முன்வைக்க ஏற்ற நாள் நவம்பர் 1 அல்லது ஜனவரி 26. மே மாதம் கேட்டால் அந்த ஆண்டின் வேலைப் பட்டியல் பெரும்பாலும் தயாராகியிருக்கும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்; குழுவின் தீர்மான நகலோடு மனுவைக் கொடுத்து, கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நகர்ப்புறத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது. தொடக்கக் கல்விச் சட்டம் 1920-இன் வழி வந்த வரி இது. நகராட்சிகள் இதைப் பொது வருவாயோடு கலக்காமல் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கல்விக்கே செலவிட வேண்டும். மற்றொரு பக்கம், வரியோடு வசூலாகும் 10 விழுக்காடு நூலக வரி, நூலக ஆணைக் குழுவுக்குச் சேர வேண்டியது; அதைப் பள்ளிக்குக் கேட்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மனு எழுதினால் முதல் மேசையிலேயே திருப்பிவிடுவார்கள்.

தொடக்கக் கல்வி நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, மன்ற உறுப்பினர் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் கேட்கலாம். இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகள் மூன்று போதும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் கல்வி வரியின் கேட்பும் (வசூலாக வேண்டிய தொகை) வசூலும் எவ்வளவு? மார்ச் 31-இல் தொடக்கக் கல்வி நிதியின் இருப்பு எவ்வளவு? அந்த நிதியிலிருந்து எந்தப் பள்ளிக்கு என்ன வேலை, எவ்வளவு தொகையில் நடந்தது? இந்த மூன்று பதிலும் கையில் இருந்தால், “நிதி இல்லை” என்ற பதிலை எண்ணோடு எதிர்கொள்ளலாம்.

மதிப்பீட்டில் விழும் பள்ளம்

பெரிய பழுதுக்கு யாரிடம் பணம் கேட்டாலும் பொறியாளரின் மதிப்பீடு வேண்டும். கொத்தனாரிடம் கேட்டு “இரண்டு லட்சம் ஆகும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வேலை பாதியில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அரசு வேலைக்கு அடிப்படைத் தொகையின் மேல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடும், தொழிலாளர் நல நிதி 1 விழுக்காடும் சேரும். 2,00,000 ரூபாய் வேலை என்றால் 36,000-மும் 2,000-மும் கூடி 2,38,000. கேட்டது 2,00,000, கிடைத்தது 2,00,000 என்றால் ஒப்பந்ததாரர் 38,000 ரூபாய் அளவுக்கு வேலையைக் குறைப்பார். பெரும்பாலும் குறைவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: மேல்தள நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சில். மூன்றாம் மழைக்காலத்தில் அது தன்னைக் காட்டிவிடும்.

மதிப்பீடு கிடைத்த பின் அதை எந்த நிதியில் பொருத்துவது என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்குத் தொகுதிக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் என்பது பணம் வந்ததற்கு அத்தாட்சி அல்ல. அதன் பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று வரிசை இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். அனுமதிக்கு முன் நடந்த வேலைக்குப் பணம் பெறுவது மிகக் கடினம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. 6,00,000 ரூபாய் வேலைக்கு ஊர் 2,00,000 திரட்ட வேண்டும். முன்னாள் மாணவர்கள் இருக்கும் ஊருக்கு இது நல்ல வழி. புதிய வகுப்பறைகளுக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும், ஒன்றியப் பள்ளிகளுக்குக் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டமும் உள்ளன. இவற்றுக்கான பட்டியல் ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் தயாராகிறது; உங்கள் பள்ளி அதில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடிக்க வேண்டிய கட்டடத்தை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆபத்தான கட்டடம் என்று தெரிந்த அன்றே கயிறு கட்டி, குழந்தைகளை விலக்கி, புகைப்படத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். இடித்த பின் கிடைக்கும் கம்பி, மரம், ஓடு எல்லாம் கட்டடத்தின் உரிமையாளருடையவை. முறையான ஏலத்தில் விற்று அந்தத் தொகை ஒன்றியக் கணக்கில் சேரும். பள்ளிக்கு நன்மை செய்யும் எண்ணத்தில் அவற்றை விற்றுப் பெஞ்சு வாங்கிய தலைமையாசிரியர்கூட விசாரணைக்கு உள்ளாக நேரும்.

நன்கொடை

2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற மாநில அரசின் நன்கொடைத் திட்டம் வழியாக வரும் உதவிக்குக் கணக்கு தெளிவாக இருக்கும். நேரே பள்ளிக்கு வந்து உதவ விரும்புவோரிடம் பணமாக வாங்காமல் பொருளாக வாங்கி, அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பக்க எண் குறித்த நன்றிக் கடிதம் கொடுங்கள். பெற்றோரிடம் எந்தப் பெயரிலும் வசூல் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி குழந்தையின் உரிமை. “விருப்பப்பட்டவர்கள் கொடுங்கள்” என்று சொன்னாலும், கொடுக்க முடியாத வீட்டுக் குழந்தை மறுநாள் வகுப்பில் தலை குனிந்து உட்காரும்.

வரவு செலவை ஒரு பலகையில் எழுதிப் பள்ளி வாசலில் வையுங்கள். தலைப்பு, வந்த தொகை, செலவு, மீதி என நான்கு பத்தி போதும். மாதம் ஒரு முறை மாற்றி எழுதுங்கள்.

பொறுப்பு மாறும்போது

தலைமையாசிரியர் மாறுதலாகிப் போவார். குழுவும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாறும். 2022-இலும் 2024-இலும் அப்படி மறுகட்டமைப்பு நடந்தது. அந்தச் சமயங்களில்தான் பல பள்ளிகளின் கணக்கு மாதக்கணக்கில் முடங்குகிறது. பி.எஃப்.எம்.எஸ். உள்நுழைவோடு பழைய தலைமையாசிரியரின் கைப்பேசி எண் இணைந்திருக்கும். கடவுச்சொல் மறந்தால் குறுஞ்செய்தி அவருக்கே போகும். வங்கியில் பழைய தலைவரின் மாதிரிக் கையெழுத்தே இருக்கும்.

எனவே பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் பதிவேடுகளோடு சேர்த்து இவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: அன்றைய தேதியில் மீதி வரம்பு, பணம் செலுத்தாமல் நிற்கும் பில்கள், ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பரிமாற்றங்கள், பதில் எழுதாத தணிக்கைத் தடைகள், ஒன்றியத்தில் நிலுவையில் உள்ள மதிப்பீடுகளின் எண். கையெழுத்து மாற்றத்துக்கான குழுத் தீர்மானத்தைப் புதிய குழுவின் முதல் கூட்டத்திலேயே நிறைவேற்றி, அதன் நகல், புதியவர்களின் ஆதார், பான், புகைப்படம் இரண்டு ஆகியவற்றோடு அந்த வாரமே வங்கிக்குப் போங்கள். தலைவரை வங்கிக்கு வரச் சொல்லும் நாளில் அவருடைய ஒரு நாள் கூலி போகும்; முன்கூட்டியே கிளை மேலாளரிடம் நேரம் கேட்டுக்கொண்டால் ஒரே தடவையில் முடித்துவிடலாம்.